பயிற்சியாளரின் அதிகாரமும் சிறாரின் பாதுகாப்பும்

விளையாட்டுப் பயிற்சியில் பெரியவர் ஒருவருக்குச் சிறார்மீது வந்துசேரும் அதிகாரம் வகுப்பறையில் ஆசிரியருக்கு உள்ளதைவிட ஆழமானது; அந்த ஆழம் உணரப்படாததால்தான் பயிற்சிக்களத்தின் ஒழுக்க விதிகள் நெடுங்காலம் எழுதப்படாமலே கிடந்தன. கணக்கு ஆசிரியருக்கு மாணவரின் உடலைத் தொட வேண்டிய தேவை எழுவதில்லை. ஜிம்னாஸ்டிக்ஸிலும் மல்யுத்தத்திலும் தொடக்கநிலை நீச்சலிலும் கைபிடித்தே கற்பிக்க வேண்டிய பாடங்கள் உண்டு. வகுப்பு மணியடித்தால் முடிந்துவிடும். பயிற்சியோ விடியுமுன் தொடங்குவதும், இருட்டியபின் முடிவதும், வெளியூர்ப் போட்டிக்குச் சென்று லாட்ஜில் தங்குவதும், ஒரே பயிற்சியாளரின்கீழ் ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் இயல்பு. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாளை எடுத்துக் காட்டலாம். மாவட்ட அணியில் ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதற்குப் பயிற்சியாளரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று பெரும்பாலும் இருப்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே கல்லூரி இடமும் அரசு வேலையும் கிடைக்கக்கூடிய தமிழ்நாட்டில், வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் பெற்றோருக்கு, 'கோச் சார்' மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதே குடும்பத்தின் எதிர்காலத்தைப் பார்த்துக்கொள்வதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

சிறார் பாதுகாப்பு நெறி என்று இவ்வுரையில் குறிப்பிடப்படுவது, பதினெட்டு வயது நிறையாதவர்களோடு விளையாட்டின் பொருட்டுப் பழகும் பெரியவர்கள் அனைவரும், அதாவது பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர், மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், அணி மேலாளர், வேன் ஓட்டுநர் ஆகிய எல்லாரும், கடைப்பிடிக்க வேண்டிய நடத்தை விதிகளையும், அவை மீறப்பட்டதாகத் தெரியவரும் நாளில் நிறுவனம் செய்ய வேண்டியவற்றையும் ஒருங்கே குறிக்கும். கெட்டவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றுவதே இதன் வேலை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அந்த எண்ணம் ஆபத்தானது. ஏனெனில் கெட்டவர் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு எவரும் மைதானத்துக்குள் வருவதில்லை. விளையாட்டுத் துறையில் சிறார்மீதான பாலியல் சுரண்டலை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவரான பிரிட்டன் நாட்டு அறிஞர் சீலியா பிராக்கன்ரிட்ஜ், படிப்படியாக வசப்படுத்துதல் என்னும் செயல்முறையின்மீது கவனத்தைத் திருப்பினார். முதலில் தனிக் கவனிப்பு, பிறகு சிறு பரிசுகள், பிறகு மற்றவர்களிடமிருந்து பிரித்தல், பிறகு 'நமக்குள் இருக்கட்டும்' என்னும் இரகசியம், அதன்பின் எல்லையைச் சிறிது சிறிதாக மீறிப் பார்த்தல் என்று அது நகர்கிறது. இந்த வலை குழந்தையின்மீது மட்டும் வீசப்படுவதில்லை. பெற்றோரும் சக பயிற்சியாளர்களும் சங்கத்துச் செயலாளரும்கூட அதற்குள் வந்துவிடுகிறார்கள். ஆகையால், எவர் நல்லவர் என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, எவராக இருந்தாலும் சிறாரோடு மறைவாகத் தனித்திருக்க இயலாதவாறு நேரத்தையும் இடத்தையும் பழக்கங்களையும் அமைப்பதே காப்புக்கு உரிய வழி. நல்ல பயிற்சியாளரே அந்த அமைப்பை முதலில் கேட்டுப் பெற வேண்டியவர்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் உலகில் நிகழ்ந்தவை இதற்கு விரிவான சான்றாக உள்ளன. லாரி நாசர் என்பவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் தேசிய அணிக்கும் நெடுங்காலம் மருத்துவராக இருந்தவர். சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிறுமியரையும் இளம்பெண்களையும் அவர் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியது 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழின் வழியே, ரேச்சல் டென்ஹாலண்டர் என்னும் முன்னாள் வீராங்கனை தம் பெயரோடு பேச முன்வந்ததால் வெளியே வந்தது. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் ஒன்றில், 150-க்கும் மேற்பட்டோர் தமக்கு நேர்ந்ததை நாள்கணக்கில் எடுத்துரைத்தபின், நீதிபதி ரோஸ்மேரி அக்விலினா அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதித்தார். பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. இவை செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. அவற்றைவிட, இவ்வளவு காலம் இது எப்படி நடந்தது என்பதில்தான் பயிற்சித் துறையினர் கற்க வேண்டியது அடங்கியுள்ளது.

தேசிய அணியின் பயிற்சி முகாம் டெக்சாஸ் மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகருக்கு அருகே, காட்டுப்பகுதிக்குள் இருந்த ஒரு பண்ணையில் நடைபெற்றது. பெற்றோர் உடன்தங்க அங்கே அனுமதி இல்லை. பயிற்சி கடுமையானது, உடல் எடை ஓயாமல் கவனிக்கப்பட்டதால், சிறுமியர் பசியோடிருந்தும் கேட்கத் தயங்கினர். அந்தச் சூழலில் சிரித்துப் பேசுபவராகவும், திட்டாதவராகவும், யாருக்கும் தெரியாமல் தின்பண்டங்களைக் கொண்டுவந்து கொடுப்பவராகவும் இருந்தவர் அந்த மருத்துவர் என்று வீராங்கனைகள் பலர் பின்னாளில் சாட்சியம் அளித்துள்ளனர். இந்தச் செய்தியை எளிதில் கடந்து செல்லலாகாது. பட்டினி போடும் கண்டிப்பையும் பாலியல் கொடுமையையும் இருவேறு பொருள்களாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். ஆனால் அந்தப் பண்ணையில் முன்னது பின்னதற்குப் பாதை போட்டுக் கொடுத்தது. பெரியவர்கள் எல்லாரும் அஞ்சத்தக்கவர்களாக இருக்கும் இடத்தில், அன்பு காட்டும் ஒரே பெரியவரின் கையில் குழந்தை முழுமையாக அகப்பட்டுக்கொள்கிறது. அவரைப்பற்றிக் குறை சொல்ல வேண்டுமானால் அஞ்சத்தக்கவர்களிடமே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. தாயோ தந்தையோ அதே அறையில் இருந்தபோதும் நாசர் தம் உடலால் பார்வையை மறைத்துக்கொண்டு குற்றம் புரிந்துள்ளார் என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. எனவே 'இன்னொரு பெரியவர் உடன் இருந்தால் போதும்' என்பதும் நிறைவான விதி ஆகாது. உடன் இருப்பவருக்கு, செய்யப்படுவது என்ன என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும், கண்ணால் பார்க்க முடிய வேண்டும், 'இது எதற்கு?' என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்ற தெளிவும் இருக்க வேண்டும். மருத்துவரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படும் பண்பாடு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

2015-ஆம் ஆண்டு கோடையில், அதே பண்ணையில், மேகி நிக்கோல்ஸ் என்னும் வீராங்கனை தோழி ஒருத்தியிடம் மருத்துவரின் சிகிச்சை முறைபற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவருடைய பயிற்சியாளர் சாரா ஜான்ட்சியின் காதில் விழுந்தது. அவர் அதைக் கேட்காததுபோல் விட்டுவிடவில்லை. வீராங்கனையிடம் விசாரித்து, பெற்றோருக்கும் சங்கத்துக்கும் தெரிவித்தார். பயிற்சியாளரின் கடமை எதுவோ அதை அவர் அப்படியே செய்தார். அதற்குப் பிறகுதான் நிறுவனம் தவறியது. சங்கம் உடனே காவல்துறையிடம் செல்லாமல், தானே விசாரணையாளர் ஒருவரை அமர்த்தி, ஐந்து வாரங்கள் கழித்தே மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் சொன்னது, பல்கலைக்கழகத்துக்குச் சொல்லவில்லை. எஃப்.பி.ஐ. அலுவலர்களும் அதை உரிய அக்கறையோடு கையாளவில்லை என்று அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கண்டது. புகார் சென்றதற்கும் செய்தி வெளியானதற்கும் இடைப்பட்ட ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் மட்டும் ஏறத்தாழ எழுபது பேரோ அதற்கு மேலோ கொடுமைக்கு உள்ளானதாக அந்த அறிக்கை குறிப்பிடுகிறது. 'முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம்' என்னும் சொல், கேட்பதற்கு நிதானமாகவே ஒலிக்கிறது. அந்த நிதானத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை இந்த எண் சொல்கிறது.

இந்தப் பேரிழிவுக்குப் பின் அமெரிக்காவில் 2018 பிப்ரவரியில் சட்டம் இயற்றப்பட்டு, 2017-இல் தொடங்கப்பெற்ற 'சேஃப்ஸ்போர்ட்' மையத்துக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. அந்த மையம் வகுத்த விதிகளின் நடுக்கருத்து மிக எளியது: வயதுவந்தவர் ஒருவர் சிறாரோடு தனித்துப் பழகும் எந்த நேரமும் பிறர் பார்க்கக்கூடியதாகவும், பிறர் குறுக்கிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கனடாவில் இதையே 'இருவர் விதி' என்று கற்பிக்கிறார்கள். சிறாருடன் எப்போதும் பயிற்சி பெற்ற, பின்னணி சரிபார்க்கப்பட்ட பெரியவர் இருவர் இருப்பதே அதன் உள்ளடக்கம். பிரிட்டனில், பொறுப்பான நிலையில் இருப்போர் தம் பொறுப்பிலுள்ள பதினாறு, பதினேழு வயதினரோடு பாலுறவு கொள்வதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு, 2022 ஜூனில்தான் விளையாட்டுப் பயிற்சியாளர்களையும் உள்ளடக்கும்படி விரிக்கப்பட்டது. இந்தியாவில் பதினெட்டு வயதே எல்லை என்பதால் இந்த இடைவெளி இங்கே இல்லை.

இந்த விதிகளை அன்றாடப் பயிற்சிக்குள் கொண்டுவரும்போது அவை சிறு சிறு செயல்களாகின்றன. கைகளால் நின்று பழகும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பயிற்சியாளர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 'நீ காலைத் தூக்கும்போது முழங்காலுக்கு மேலும் தோள்பட்டையிலும் பிடிப்பேன், சரியா?' என்று முதலில் சொல்லி, அவள் தலையசைத்த பின், மற்றவர்கள் பார்க்கும்படி, சொன்ன இடத்தில் மட்டும் பிடித்து, நிலை வந்தவுடன் கையை எடுத்துவிடுவது முறை. அவள் வேண்டாம் என்றால் சுவரையோ மெத்தையையோ வைத்துக் கற்பிக்கலாம். ஒரு வாரம் தாமதமாகும், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லி அதற்கு மதிப்புக் கிடைத்ததைக் கண்ட குழந்தை, வேறோர் இடத்தில் வேறொருவரிடமும் அச்சொல்லைச் சொல்லத் துணியும் என்பதால், அந்த ஒரு வாரம் வீணானதன்று. தசைப்பிடிப்புக்குத் தேய்த்துவிடுதல், காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்றவற்றைத் தகுதி பெற்றவர், திறந்த இடத்தில், பெற்றோர் அறிய, இன்னொரு பெரியவர் முன்னிலையில் செய்ய வேண்டும். பயிற்சியாளர் செய்யவே கூடாது என்று விலக்கிவிடுவது இன்னும் நல்லது.

தமிழ்நாட்டின் ஊர்களில் மிகுதியும் கவனிக்கப்படாமல் இருப்பது போக்குவரத்து. மாலைப் பயிற்சி முடிந்து ஏழரை மணிக்குப் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளையைப் பயிற்சியாளர் தம் பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டில் விடுவது இரக்கச் செயலாகவே எல்லாராலும் கருதப்படுகிறது. பெரும்பாலான நேரங்களில் அது அப்படித்தான். ஆனால் அது வழக்கமாகிவிட்டால், வசப்படுத்த நினைக்கும் ஒருவருக்கு அதைவிட எளிய வாய்ப்பு வேறில்லை. பயிற்சியை அரைமணி முன்னதாக முடிப்பதும், இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவதும், வீட்டிலிருந்து ஆள் வரும்வரை இரு பெரியவர்கள் மைதான வாசலில் விளக்கு வெளிச்சத்தில் காத்திருப்பதும் கடினமான ஏற்பாடுகள் அல்ல. வெளியூர்ப் போட்டிகளில் பயிற்சியாளரும் சிறாரும் ஒரே அறையில் தங்கலாகாது. அறைப் பட்டியல் முன்கூட்டியே பெற்றோர் கையில் இருக்க வேண்டும். மாணவியர் செல்லும் அணியோடு பெண் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும். 2022-இல் வெளிநாட்டில் நடந்த பயிற்சி முகாம் ஒன்றில் இந்திய வீராங்கனை ஒருவர் புகார் எழுப்பியபின், இந்திய விளையாட்டு ஆணையம் இந்தக் கடைசி விதியைத் தேசிய அணிகளுக்கு வலியுறுத்தியது. தேசிய அணிக்குத் தேவைப்படுவது வட்டார அளவிலான பள்ளி அணிக்கும் தேவைப்படும். செலவைக் காரணம் காட்டி அதைத் தவிர்ப்பது ஏற்கத்தக்கதன்று.

கைபேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறாருக்கு அனுப்பப்படும் செய்தி எதுவும் பெற்றோர் ஒருவரும் சங்கப் பொறுப்பாளர் ஒருவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே செல்ல வேண்டும். இரவு பத்து மணிக்குச் 'சாப்பிட்டாயா?' என்று தனிச் செய்தி அனுப்பும் அவசியம் எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை.

சொல்லாலும் கண்டிப்பாலும் நிகழும் காயம் மேலே சொன்ன பண்ணைக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டன் நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி ஆன் வைட் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு 2022 ஜூனில் வெளியானபோது, அதில் உடல், பாலியல் கொடுமைகளோடு, பிள்ளைகளின் எடையை ஓயாமல் நிறுத்துப் பார்த்தது, காயத்தோடு பயிற்சி செய்ய வற்புறுத்தியது, உணவையும் தண்ணீரையும் கழிப்பறை செல்வதையும் மறுத்தது ஆகியவை பதிவாகியிருந்தன. இங்கே 'மாஸ்டர் அடிச்சாதான் புள்ள உருப்படும்' என்று பெற்றோரே சொல்லும் வழக்கு இன்னும் மறையவில்லை. உச்சிவெயிலில் கூடுதல் சுற்று ஓடவைப்பதும், தண்ணீர் குடிக்கவிடாமல் நிறுத்திவைப்பதும், 'குண்டு', 'மாடு' என்று பிறர்முன் பெயர்வைத்து அழைப்பதும் கண்டிப்பு என்ற பெயரில் நடக்கின்றன. பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது; தம் பொறுப்பிலுள்ள குழந்தைக்குக் கொடுமை இழைப்பவருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சிறைத்தண்டனை விதிக்கிறது. உடற்கல்வி ஆசிரியரும் பயிற்சியாளரும் இவற்றுக்கு விலக்கானவர்கள் அல்லர். வளரும் வயதில் உணவு குறைந்தால் மாதவிடாய் தடைபடுவதும் எலும்பு வலுவிழப்பதும் மருத்துவம் நிறுவிய உண்மைகள். ஆகவே எடையைப் பற்றிய பேச்சு பயிற்சியாளரின் வாயிலிருந்து வராமல், தகுதி பெற்ற மருத்துவரிடமிருந்து, பெற்றோர் உடனிருக்க வரவேண்டும்.

குழந்தை ஒன்று தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் தருணம் தனியே கருதத்தக்கது. அது முழு வாக்கியமாக வருவதில்லை. 'நாளைக்கு வரல', 'அந்த சார் இருந்தா நான் போகல' என்று, பெரும்பாலும் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, பாதிச் சொல்லாக வரும். கேட்பவர் அதிர்ச்சியைக் காட்டாமல், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காமல், என்ன நடந்தது என்று துருவித் துருவிக் குடையாமல், குழந்தை சொன்ன சொற்களை அவை சொல்லப்பட்டபடியே அன்றே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 'நீ சொன்னது நல்லது. தப்பு உன்மேல் இல்லை' என்பது மட்டுமே அப்போது கூறத்தக்க ஆறுதல். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு முகத்துக்கு முகம் நிறுத்திக் கேட்பது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், குழந்தையை நசுக்கும் செயல்.

அதன்பின் செல்ல வேண்டிய இடத்தை இந்தியச் சட்டம் தெளிவாகவே காட்டுகிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், சுருக்கமாகப் போக்சோ, தன் 19-ஆவது பிரிவில், குற்றம் நடந்துள்ளது என்று அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது அதற்காக வழக்குத் தொடர முடியாது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை. தம்கீழ் வேலை செய்பவரைப் பற்றி நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை சிறை. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அலுவலர் ஒருவர், சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும். எந்தச் சூழலிலும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையம் என்றவுடன் நடுங்கும் பெற்றோருக்கு இவ்விரு செய்திகளையும் பயிற்சியாளர் எடுத்துச் சொன்னால் பாதி அச்சம் விலகும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எல்லா மைதானத்திலும் குழந்தையின் கண்மட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், பள்ளிகளோடு விளையாட்டு அகாடமிகளையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே பணிபுரியும் நிரந்தர, ஒப்பந்த ஊழியர் அனைவரையும் காவல்துறை வழியாக அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. இவ்விதி இருப்பதை அறியாத அகாடமிகள் எத்தனையோ இருக்கக்கூடும். பிள்ளையைச் சேர்க்கும் நாளில் கட்டணத்தைக் கேட்பதுபோல இதையும் கேட்பது பெற்றோரின் உரிமை.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் அலமாரியில் இருந்தது, புகாரைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் இந்த வழிக்கு நேர்மாறானது. 1996 முதல் 2006 வரையிலான பத்தாண்டுகளில் 54 பயிற்சியாளர்கள்மீது வந்த புகார்கள் அங்கே கோப்புகளாக அடுக்கப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்டவரோ பெற்றோரோ தாமே எழுதித் தந்தாலொழிய, மற்றவை கேள்விப்பட்ட செய்தி என்று ஒதுக்கப்பட்டன. பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி 1998-லேயே எச்சரிக்கை வந்திருந்தும், அவர் மேலும் ஏறத்தாழ ஏழாண்டுகள் சிறுமியருக்குப் பயிற்சி அளித்துவந்தார். பிறகு குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். இத்தகைய புகார்கள் மூடிமறைக்கப்படும் முறை பெரும்பாலும் ஒன்றேதான். சங்கத்தின் பெயர் கெடக் கூடாது என்று, புகாருக்கு ஆளானவரை அழைத்து 'நீங்களே நின்றுகொள்ளுங்கள்' என்று சொல்லி, பணிச் சான்றும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர் அடுத்த மாவட்டத்தில் வேறொரு பள்ளியில் விண்ணப்பிக்கிறார். அங்கிருந்து தொலைபேசியில் விசாரித்தால், 'திறமையான கோச், சொந்தக் காரணத்தால் நின்றுவிட்டார்' என்று பதில் வருகிறது. பணியில் சேர்க்கும் நிறுவனம் இந்த விசாரணையைத் தொலைபேசியோடு முடித்துக்கொள்ளாமல், சிறார் தொடர்பான புகார் ஏதேனும் இவர்மீது எழுந்ததா, எழுந்திருந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டதா என்னும் இரு கேள்விகளை முந்தைய நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, கையொப்பமிட்ட பதில் வந்து கோப்பில் சேரும்வரை, புதியவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்காமல் காத்திருக்க வேண்டும்.